முதல் போர்டு யாருடையது?

ஒருவரை முன்மாதிரி என்று சொன்னால், அவரைப் பார்த்து நடக்கவேண்டும் என்று பொருள். சர்க்யூட் போர்டு தொழிலில் அது அப்படியே தலைகீழ். முதல் போர்டு எங்கே தப்பு இருக்கிறது என்று காட்டத்தான் வருகிறது. அந்தத் தப்புக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் சண்டை.

கம்பைநல்லூரில் என் பெரியப்பா பையன் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். போனில் கூப்பிட்டால் போர் மோட்டார் ஓடுகிற பெட்டி ஒன்றைச் சொந்தமாகச் செய்ய நினைத்தார். பெங்களூரில் தனியாக டிசைன் செய்துதரும் ஒரு பையனைப் பிடித்தார். "கால் பண்ணா மோட்டார் ஓடணும் தம்பி" என்று வாட்ஸப்பில் சொன்னார். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

ஐந்து போர்டுகள் வந்தன. பையனின் மேசையில் எல்லாம் ஓடின, வீடியோவும் அனுப்பினான். டவர் தூரமாக இருக்கும் ஒரு தக்காளித் தோட்டத்தில் மாட்டியதும், கால் வரும்போதெல்லாம் போர்டு அணைந்து அணைந்து எரிந்தது. தோட்டக்காரர் வெளியூர் போன நான்கு நாளில் செடி வாடிப்போனது.

அண்ணன் எனக்குப் போன் போட்டார். "டிசைன் காசும் திருப்பித் தரணும், தக்காளிக் காசும் தரணும். நீயே கேட்டுச் சொல்லுடா." ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் வேலையில் இருப்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

2ஜி மாட்யூல் டவரோடு விட்டுவிட்டுத்தான் பேசும், 4.6 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, அரை மில்லி செகண்டுக்குச் சற்று அதிகமாக. டவர் தூரமானால் சத்தத்தைக் கூட்டும். அந்த நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். இந்தப் போர்டில் அதற்கான தடம் மெலிசு, கெப்பாசிட்டரும் தள்ளி இருந்தது. வோல்டேஜ் சரிந்து மாட்யூல் அணைந்தது. டவர் பக்கத்திலேயே இருந்த மேசையில் இது தெரிந்திருக்காது.

"டவர் வீக்குன்னு அவர் சொல்லவே இல்லண்ணா" என்றான் பையன். பாதி நியாயம். ஆனால் 2 ஆம்பியர் என்பது மாட்யூலின் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. அதை வாடிக்கையாளர் சொல்லவேண்டியதில்லை. கோடையில் அந்தப் பெட்டி எவ்வளவு சூடேறும், லைனில் வோல்டேஜ் எவ்வளவு ஆடும் என்பதெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும். அதை அவர்தான் சொல்லவேண்டும்.

தக்காளி? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73ஆம் பிரிவு: மீறலால் இயல்பாக விளையும் நஷ்டத்தையும், ஒப்பந்தத்தின்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டத்தையும் கேட்கலாம். தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு இழப்பீடு இல்லை. சோதனைப் போர்டை ஆளில்லாத தோட்டத்தில் விடுவார்கள் என்று பையனுக்கு எப்படித் தெரியும்?

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4இல், யுஎஸ்பி-சி சாக்கெட்டின் இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனியாக வைக்கவேண்டிய ரெசிஸ்டருக்குப் பதில் ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டார்கள். சில கேபிள்களில் கரண்டே வரவில்லை. எல்லாச் சோதனையையும் தாண்டி அது கடைக்கே வந்துவிட்டது. எபென் அப்டன் தவறை ஒப்புக்கொண்டார். பிறகு வந்த போர்டுகளில் திருத்தினார்கள்.

கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம்: டிசைனைப் பையன் இலவசமாகத் திருத்துவான், புதுப் போர்டும் உதிரிபாகமும் அண்ணன் செலவு. தோட்டக்காரருக்கு அண்ணன்தான் கொடுத்தார். அங்கே பெட்டியை மாட்டியவர் அவர்.

இந்த முறை ஒரு பக்கம் எழுதினார்கள். டவர், வெயில், வோல்டேஜ், எங்கே சோதிப்பது, எத்தனை திருத்தம் இலவசம். அடியில் பையன் ஒரு வரி சேர்த்தான்: முதல் போர்டை ஆள் பக்கத்தில் இல்லாமல் ஓடவிடக்கூடாது. அண்ணன் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.