வீட்டுக்குச் சக்கரம் வைத்துப் பார்!

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அமெரிக்கா போனதில்லை. போயிருந்தால், ‘வீட்டுக்குச் சக்கரம் வைத்துப் பார்’ என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்!

2023-ஆம் வருஷம் அக்டோபரில், ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, இந்தியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்ற ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். ஊர் சிறியதுதான். ஆனால் ‘ஆர்.வி.’ என்று அமெரிக்கர்கள் சொல்லும் சக்கர வீடுகளில் பெரும்பாலானவை அந்த வட்டாரத்தில்தான் தயாராகின்றன. மணப்பாறையில் இருந்துகொண்டு முறுக்குச் சாப்பிடாமல் இருக்க முடியுமா? அத்தானும் ஒரு பழைய ஆர்.வி.யை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். அதில் ஏறிக்கொண்டு மூன்று பேருமாக மிச்சிகன் ஏரிக்கரையைச் சுற்றி வருவதென்று ஏற்பாடு.

அந்த வண்டியை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். நீளம் 24 அடி. முன்பக்கம் வான், பின்பக்கம் வீடு. ஓட்டுகிறவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை. உள்ளே காஸ் அடுப்பு, பாத்திரம் தேய்க்கும் தொட்டி, ஓர் ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற குளியலறை. அடியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இன்னொன்று குளித்த, கழுவிய தண்ணீருக்கு. மூன்றாவது எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குளிர்பெட்டியும் உண்டு. அது நெருப்பினால் குளிர்ச்சி தருகிறது! காஸை எரித்து, அந்தச் சூட்டில் அம்மோனியாக் கரைசலைக் கொதிக்கவைத்து அதன் மூலம் குளிரூட்டுகிறார்கள். வண்டி சமதரையில் நின்றால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். கொஞ்சம் சாய்ந்தாலும் கல்யாண வீட்டில் சம்பந்தி முறைத்துக்கொள்வது போல் முறைத்துக்கொள்ளும்.

நான் போன நாலாம் நாள், மாடிப்படி ஏறும்போது அத்தானுக்கு மார்பை அடைத்தது. ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் ஆபரேஷன் செய்யவேண்டும். அதற்கான டாக்டர் இருந்தது இண்டியானாபொலிஸ் நகரத்தில், சுமார் 150 மைல் தள்ளி. இன்னும் 12 நாளில் தேதி கொடுத்தார்கள். அதுவரை வண்டி ஓட்டக்கூடாது, சுமை தூக்கக்கூடாது, பரபரப்படையக் கூடாது என்று உத்தரவு. அத்தான் மூன்றாவதை மட்டும் கடைப்பிடித்தார். அக்காவும் நானும் அவர் பங்குக்கும் சேர்த்துப் பரபரப்படைந்தோம்.

பைபாஸ் என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காலிலிருந்து ஒரு ரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதையாக இருதயத்தில் தைக்கிறார்கள். மார்பின் உட்புறம் ஓடும் குழாய் ஒன்றையும் இதற்குத் திருப்பிவிடுவதுண்டு. 1967-ல் கிளீவ்லண்டில், அர்ஜென்டினாவிலிருந்து வந்த ரெனே ஃபவலோரோ என்ற டாக்டர்தான் கால் குழாயைக் கொண்டு செய்யும் இந்த முறையை நிலைபெறச் செய்தார். ஆபரேஷனுக்காக மார்பெலும்பை நடுவில் பிளக்கிறார்கள். பிறகு எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். ‘உலகம் பூராவும் தினமும் நடக்கிற சமாசாரம்’ என்று தைரியம் சொன்னார்கள். தினமும் நடக்கலாம், நம் வீட்டு மனிதருக்கு ஒரு தடவைதானே நடக்கிறது?

துணைக்கு இருப்பவர்கள் எங்கே தங்குவது? ஓட்டலில் ஓர் இரவுக்கு 150 டாலர் கேட்டார்கள். அமெரிக்காவில் சில ஆஸ்பத்திரிகளில், வெளியூர் நோயாளியின் குடும்பத்தார் ஆர்.வி.யை ஆஸ்பத்திரி மைதானத்திலேயே நிறுத்தித் தங்க அனுமதிக்கிறார்கள். இந்த ஆஸ்பத்திரியிலும் அந்த வசதி இருந்தது. மின்சார இணைப்பு மட்டும் கிடையாது. ரசம் சாதமாவது சூடாகச் சாப்பிடலாம், கூப்பிட்ட குரலுக்கு ஓடலாம் என்று வண்டியிலேயே போவதாக முடிவு செய்தோம்.

அன்றுதான் வண்டியைத் திறந்து பார்த்தோம். கூரையில் காற்றுப்போக்கியைச் சுற்றி ஒழுகி, பரண் படுக்கைக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு படம். குழாயைத் திறக்காதபோதும் தண்ணீர்ப் பம்பு தானாக ‘டடடட’ என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே சூடு தரும் காஸ் உலை பற்றவில்லை. வெளியே ராத்திரியில் தண்ணீர் உறைகிற குளிர்! பழுது பார்க்கிறவர்களைக் கேட்டால், மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தா கை கொடுத்தார். ஆர்.வி. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூரைமேல் என்னை ஏற்றி, விரிசலைச் சுத்தம் செய்து பிசின் பூச வைத்தார். பம்பின் புலம்பலுக்குக் காரணம், தொட்டிக்கு அடியில் தளர்ந்துபோன ஓர் இணைப்பு. நான் வயிற்றின் மேல் ஊர்ந்து போய் முடுக்கினேன். உலைதான் மூன்று நாள் ஆட்டிவைத்தது. விசிறி சுற்றும், நெருப்பு மட்டும் வராது.

காரணத்தைத் தாத்தா காட்டினார். உலைக்குள்ளே தபால் தலை அளவில் ஒரு தகடு இருக்கிறது. விசிறிக் காற்று அதைத் தள்ளினால்தான் காஸ் திறக்கும். காற்று ஓடாமல் நெருப்பு மட்டும் எரிந்துவிடக் கூடாதே என்று வைத்த காவல்காரன். அந்தத் தகட்டில் பஞ்சு அடைத்திருந்தது. காஸை அடைத்துவிட்டு அவர் அதைச் சுத்தம் செய்தார். பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். வரவில்லை. உலை பற்றியது. நான் துள்ளிக் குதித்தேன். கையெல்லாம் கரி; மனதெல்லாம் பெருமை.

இதற்கிடையே, திருச்சியில் இருக்கும் அத்தானின் தாயாருக்குச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு விவாதம். அவருக்கு வயது 80. ‘தாங்கமாட்டார், பிறகு சொல்லலாம்’ என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். அத்தான் கேட்கவில்லை. தாமே டெலிபோனை எடுத்தார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அங்கே அவளுக்கு யாருப்பா துணை?” என்று கேட்டார். மகனைப் பற்றியல்ல, மருமகளைப் பற்றி! “அவள் தங்கச்சி வந்திருக்காள்மா” என்றார் அத்தான். “அப்படின்னா சரி” என்றார் அந்த அம்மாள்.

அத்தானே ஓட்டி வந்த அந்த வண்டியை அக்கா முதல் தடவையாக ஓட்டினாள். யு.எஸ். 31 நெடுஞ்சாலையில் லாரிகள் ஒவ்வொன்றும் தாண்டும்போது வண்டி ஊஞ்சல் போல் ஆடியது. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வந்தார். அவருக்கு அன்று அதுதான் பெரிய தேகப் பயிற்சி.

ஆபரேஷனுக்கு முதல் நாளே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவும் நானும் வண்டிக்குத் திரும்பிப் படுத்தோம். இரவு 2 மணிக்குக் குளிர் என்னை எழுப்பியது. விசிறி முனகிக்கொண்டு சுற்றியது, சூடு இல்லை. பாட்டரி தளர்ந்து காற்றின் வேகம் குறைந்திருந்தது. தகடு நகரவில்லை, காவல்காரன் காஸைத் திறக்கவில்லை. ஜெனரேட்டரை இரவில் ஓட்ட அங்கே அனுமதி இல்லை. நான் டார்ச் விளக்கும் கையுமாக உலையின் மூடியைக் கழற்ற உட்கார்ந்தேன்.

“விடு” என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. அக்கா தூங்கவேயில்லை.

“ஒரு நிமிஷம், அக்கா. இதோ...”

“பன்னிரண்டு நாளா இந்த வண்டிக்குள்ளேயே தலையை விட்டுக்கிட்டிருக்கே. ஒரு தடவையாவது என் பக்கத்திலே வந்து உட்கார்ந்தியா?”

எனக்குச் சுருக்கென்றது. திருச்சியிலிருந்து அந்த அம்மாள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. ‘அவளுக்கு யார் துணை?’ துணை வந்தவள் கூரை மேலும் தொட்டிக்கு அடியிலும்தான் இருந்திருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பம்பைப் பார்த்து எனக்குப் பயமில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அதனால் பம்பிடம் போய் ஒளிந்துகொண்டேன்.

விளக்கை அணைத்துவிட்டு அவள் போர்வைக்குள் போய் உட்கார்ந்தேன். சின்ன வயதில் இடி இடித்தால் உட்கார்ந்ததுபோல. கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். இந்த வண்டி வாங்கியபோது இரண்டு பேருக்கும் பெரிய சண்டையாம். சமையலறையைப் புதுப்பிக்க வைத்திருந்த பணம் அது. “இந்த வண்டிதான் ஒரு நாள் உங்களுக்கு மாரடைப்பைக் கொண்டுவரப் போகுது”ன்னு சொல்லிட்டேன். அதை நான் ஏன் சொன்னேன்? அவர்கிட்டே இன்னும் மன்னிப்புக் கேட்கலே. நாளைக்கு ஏதாவது...”

அடைப்பு பல வருஷங்களாக வளர்வது, ஒரு வார்த்தையால் வருவதல்ல என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால் அதைச் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடியும்வரை உலை பற்றவில்லை. ஆனால் அவள் தூங்கினாள்.

விடியற்காலை, தள்ளுகட்டிலில் அத்தானைக் கொண்டுபோகுமுன் அக்கா குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னாள். அவர் சிரித்தார். “சமையலறை கட்டாயம் உண்டு” என்றார்.

காத்திருக்கும் கூடத்தில் ஒரு பலகை. நோயாளியின் பெயருக்குப் பதில் ஓர் எண். கட்டத்துக்குக் கட்டம் அதன் நிறம் மாறும். ஐந்து மணி நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது, அக்கா முதலில் டெலிபோன் செய்தது திருச்சிக்குத்தான்.

ஒரு வாரத்தில் அத்தான் வீடு திரும்பினார். மார்போடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை. இருமும்போது அதை இறுக்கிக்கொள்ள வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி. ஆறு வாரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, பத்து பவுண்டுக்கு மேல் தூக்கக்கூடாது.

நான் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், வண்டியைப் பனிக்காலத்துக்குத் தயார் செய்தோம். தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க ரோஸ் நிறத் திரவம் ஒன்றை ஏற்றவேண்டும். அது வெந்நீர்த் தொட்டிக்குள் போகாதபடி முதலில் ஒரு வால்வைத் திருப்ப வேண்டும். அத்தான் தலையணையும் கையுமாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

“அந்த வால்வுக்குப் பேர் என்ன தெரியுமா?” என்று கேட்டார்.

“என்ன?”

“பைபாஸ்!” என்று சிரிக்கப் போனவர், வலி தாங்காமல் தலையணையை இறுக்கிக்கொண்டார்.

அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, முதலில் அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.