கல் பதிப்பவரின் மூச்சு

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய பட்டறை. சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஆசாரி, அரக்குக் கட்டையில் பதித்திருந்த நவரத்தின மோதிரத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினார். நடுவில் மாணிக்கம் ஏறிவிட்டது. சுற்றிலும் எட்டுக் குழிகள் காலி.

எந்தக் கல் எங்கே என்பதைக் கிரகங்கள் முடிவு செய்துவிடுகின்றன. சுக்கிரனுக்குரிய வைரம் கிழக்கே, சந்திரனின் முத்து தென்கிழக்கே, செவ்வாயின் பவளம் தெற்கே. கல் பதிப்பவருக்கு இதைவிடச் சங்கடமான வரிசை கிடையாது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10. முத்து ஏறக்குறைய 2.5, பவளம் 3.5. விளிம்பை மடக்கும் உளி வைரத்தின் மேல் வழுக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு நூல் தள்ளி முத்தில் பட்டால் முத்து போச்சு. மரகதத்தின் பாடு வேறு. கடினமான கல்தான், ஆனால் உள்ளே பிறவியிலேயே கீறல்கள் இருக்கும். அவை தெரியாமலிருக்கப் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். சூடு பட்டால் எண்ணெய் கசிந்து கீறல் வெளியே தெரிந்துவிடும்.

"வைரத்த அழுத்துற கையால முத்தத் தொடக்கூடாதும்மா. முத்தும் பவளமும் கடைசியிலதான்" என்றபடி சாமணத்தால் கோமேதகத்தை எடுத்துக் குழியில் வைத்தார். ஆடியது. எடுத்தார், ஓரத்தை மயிரிழை சீவினார், மறுபடி வைத்தார். இன்னும் ஆடியது. கல் தோலைத் தொட்டால்தான் பலன் என்று நம்புவதால் ராசிக்கல் மோதிரத்துக்கு அடியில் திறப்பு விடுவது வழக்கம். கெம்பு நகை போலப் பின்னால் தகடு வைத்து மூட வழியில்லை. கல்லைத் தாங்குவது அந்த மெல்லிய விளிம்பு மட்டும்தான்.

"பலன் இருக்கா ஐயா?"

"அத போட்டுக்கறவங்க சொல்லணும்மா. கல்லு ஆடாம நிக்கணும், அது என் பொறுப்பு."

எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. லண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டபர் பிரெஞ்சு 2001-ல் முன்வைத்த ஆய்வில், போலிப் படிகத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் அசல் வைத்திருந்தவர்களைப் போலவே சூட்டையும் சிலிர்ப்பையும் உணர்ந்ததாகச் சொன்னார்கள். கல்லை நம்பி மருந்தை நிறுத்தாதவரை அந்த ஆறுதலை யாரிடமிருந்தும் பறிக்க எனக்கு மனமில்லை. என் கவலையெல்லாம் கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது.

தி. நகர் கடைகளில் ஒரு காலத்தில் 'கேடிஎம்' என்ற மூன்றெழுத்துக்குப் பெரிய மதிப்பு. கேடிஎம் முறைப்படி பற்றவைப்பில் காட்மியம் சேர்த்தால் தங்கத்தின் மாற்று குறையாது; வாங்குகிறவருக்கு நல்லது. ஆனால் அதை உருக்கும்போது எழும் புகை, ஊதுகுழலில் வாய் வைத்திருப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஹால்மார்க் விதிகள் பிற்பாடு காட்மியத்தை விலக்கின. "நெஞ்சு எரியும். மோர் குடிச்சிட்டு மறுபடி வந்து உக்காருவோம்" என்றார் ஆசாரி.

மூச்சைக் கெடுப்பது புகை மட்டுமல்ல. அடையாறில் யோகா வகுப்புக்குப் பக்கத்திலேயே படிகக் கைச்சரம் விற்கிறார்கள். செவ்வந்திக்கல், ரோஸ் குவார்ட்ஸ், அகேட். மூச்சைச் சீராக்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. மூன்றும் அடிப்படையில் சிலிக்காதான். குஜராத்தின் கம்பாத்தில் அகேட்டை அரைத்து மணி செய்கிறவர்களை, அந்தச் சிலிக்காத் தூசி சிலிகோசிஸ் நோயாளிகளாக்குகிறது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இதை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. தழும்பேறிய நுரையீரல் பழையபடி ஆகாது, காசநோயும் எளிதில் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் விட்டு அரைத்து, தூசியை உறிஞ்சும் குழாயும் வைத்தால் ஆபத்து பெருமளவு குறையும். வீட்டிலேயே கூலிக்கு அரைப்பவரால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. வியாபாரிதான் தாங்க வேண்டும்.

இந்த மணிகள் எங்கே அரைபட்டவை என்று கடைப்பெண்ணிடம் கேட்டேன். ராசி அட்டவணையை நீட்டியிருந்த அவர், யோசித்துவிட்டு மொத்த வியாபாரியின் எண்ணைக் கொடுத்தார். அந்த வியாபாரியிடம் கேட்க என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன: தண்ணீர் விட்டு அரைக்கிறார்களா, தூசிக்கு என்ன ஏற்பாடு, அரைப்பவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தார்கள்?