தேய்மானம் குறித்துச் சில குறிப்புகள்

மோட்டார் சைக்கிள் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். அதன் இழுவை, ஓசை, பெட்ரோல் டாங்கின் வளைவு, குரோமியப் பூச்சின் பளபளப்பு என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். டயரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது பஞ்சராகும் நாளில் மட்டுமே நினைவுக்கு வருகிற உறுப்பு. ஆனால் யோசித்துப் பார்த்தால், அத்தனை பெரிய வாகனத்தில் சாலையைத் தொடுகிற பொருள் அது ஒன்றுதான். தொடுகிற பரப்பும் ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. வேகமும் நிறுத்தமும் திரும்புதலும் அந்த இரண்டு உள்ளங்கைகளின் வழியாகவே நடந்தாக வேண்டும்.

நாங்கள் இருவர். ஒருவர் தமிழும் மற்றவர் வரலாறும் கல்லூரியில் கற்பிக்கிறோம். திருச்சியில் வாசம். கொடும்பாளூர், நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம் எனக் கல்வெட்டும் குடைவரையும் தேடிப் பல ஆண்டுகளாக இருசக்கர வாகனத்திலேயே போய்வருகிறோம். 2023இல், சேமிப்பில் கணிசமான பகுதியைக் கரைத்து, ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650 வாங்கினோம். அதன் எடை 241 கிலோ. நின்ற இடத்தில் தள்ளி நகர்த்துவதற்கே மூச்சு வாங்கும். சாலையில் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த எடையே நிதானமாகிவிடும். பின்னால் அமர்ந்திருப்பவர் கையெழுத்துப் பிரதியைப் படித்தபடி வரலாம் என்று எங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

இரண்டாண்டுகளில் பதினான்காயிரம் கிலோமீட்டர் கடந்தபோது பின்சக்கர டயர் தன் காலம் முடிந்ததைத் தெரிவித்தது. ஓரங்களில் பள்ளங்கள் அப்படியே இருக்க, நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. எங்கள் ஓட்டத்தின் பெரும்பகுதி திருச்சி - மதுரை போன்ற நேரான நான்குவழிச் சாலைகளில்தான். நேர்சாலையில் டயரின் நடுத்தசை மட்டுமே தேயும். வட்டமாக இருக்க வேண்டிய அதன் குறுக்குவெட்டு மெல்ல மெல்லச் சதுரமாகிவிடுகிறது. பிறகு வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பைத் தாண்டியாக வேண்டும். முதலில் சாய மறுக்கும். பிறகு சட்டென்று விழுவதுபோலச் சாயும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் இருந்தவரே அதை முதலில் உணர்ந்து சொன்னார். பள்ளங்களின் அடியில் தேய்மான அளவைக் காட்டும் சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் கழற்றிவிட வேண்டும் என்பதே கணக்கு. எங்கள் டயரில் மயிரிழைதான் பாக்கி.

விஷயம் வீட்டில் தெரிந்ததும் பாட்டி, "ரெண்டு பேரும் ஒரே வண்டியில போகணும்னு என்ன இருக்கு? பஸ் இல்லையா, ரயில் இல்லையா?" என்றார். பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு படுக்கப் போகுமுன், "டயர் மாத்தாம வால்பாறைக்குப் போக மாட்டீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள். பாட்டியின் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது. மகளுடைய கேள்வி அப்படி வாதம் செய்து முடிக்கக்கூடியதல்ல. அவளுடைய தாயும் தந்தையும் அந்த இரண்டு உள்ளங்கைகளின் மேல்தான் போகிறார்கள்.

வாங்கும் முன் படிக்க வேண்டும் என்பது ஆசிரியர்களின் வழக்கம். டயரின் பக்கச்சுவரே ஒரு கல்வெட்டுதான் என்பது அப்போதுதான் புரிந்தது. எங்கள் பின் டயரில் 150/80 பி 16, 71 எச் என்று பொறித்திருந்தது. அகலம் 150 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எண்பது விழுக்காடு. பொருந்தும் ரிம்மின் விட்டம் 16 அங்குலம். நடுவிலுள்ள பி என்ற எழுத்து உள்ளிழைகள் அமைந்த விதத்தைச் சொல்கிறது: குறுக்காகப் பின்னிய இழைகளின் மேல் இறுக்கமாக ஒரு பட்டை சுற்றப்பட்டது. 71 என்பது சுமைக்குறி. அதற்குப் பொருள் 345 கிலோ. எச் என்பது வேகக்குறி. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். முன் டயர் 100/90-19, 57 எச். அதன் சுமை 230 கிலோ.

இனி எங்கள் கணக்கு. வண்டி 241, நாங்கள் இருவரும் சேர்ந்து 130, பைகளும் குடிநீரும் கேமராவும் மாக்கல்வெட்டுப் படியெடுக்கும் தாள்களும் 24. மொத்தம் 395 கிலோ. இரு டயர்களும் சேர்ந்து தாங்கக்கூடியது 575. ஆனால் இருவர் அமர்ந்து பின்னால் பையும் கட்டினால் சுமையின் பெரும்பகுதி பின்சக்கரத்துக்கே போகும் என்பதால் மொத்தத்தைப் பார்த்து நிம்மதி கொள்ளக்கூடாது. மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதலில் 475ஆம் குறளில் வைத்தார். வகுப்பில் அரசனின் வலிமைக்கான உவமையாகவே அதை இத்தனை ஆண்டுகளும் விளக்கியிருக்கிறோம். சுமைக்குறியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோது வண்டிக்காரனின் கணக்காகவும் அது துல்லியமாக இருந்தது.

அடுத்து வந்தது உழைப்பு என்ற சொல். கடையில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்: எவ்வளவு ஓடும்? ரப்பர் தனித்து நின்றால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த பிறகே டயர் என்ற ஒன்று சாத்தியமாயிற்று. டயரின் கருநிறம் அதில் கலந்த கரித்தூளால் வருவது. தேய்மானத்தைத் தடுப்பதும் அதுவே. இக்காலத்தில் சிலிக்காவும் சேர்க்கிறார்கள். அது ஈரச்சாலையில் பிடிமானம் தருகிறது. கலவை கடினமானால் டயர் நெடுநாள் உழைக்கும், ஆனால் பிடிப்புக் குறையும். மென்மையானால் சாலையைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கரையும். நடுவில் கடினமும் ஓரங்களில் மென்மையுமாக இரு கலவைகளை ஒரே டயரில் வார்ப்பது இந்த முரணுக்குத் தொழில்நுட்பம் கண்ட சமரசம்.

இந்தப் பொருள் நமக்கு அந்நியமானதும் அல்ல. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவ்வாண்டே இலங்கைக்கு வந்தன. இன்று குலசேகரம் பக்கம் அதிகாலையில் போனால் மரத்துக்கு மரம் சிரட்டை கட்டிப் பால் வடிப்பதைப் பார்க்கலாம். சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய சிறு தொழிலே எம்.ஆர்.எஃப். ஆயிற்று. அதே திருவொற்றியூரில்தான் ஐம்பதுகளின் நடுவில் என்ஃபீல்டு வண்டிகளும் உருவாகத் தொடங்கின. வண்டியும் டயரும் ஓரூர்ப் பிள்ளைகள்.

கடைக்காரர் மூன்று டயர்களை எடுத்து வைத்தார். முதலாவது, வண்டியோடு வந்த அதே வகை. இரண்டாவது, அயல்நாட்டுத் தயாரிப்பு. விலை முதலாவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். 16 அங்குலத்தில் இந்த அளவு ஹார்லி டேவிட்சன் வண்டிகள் சிலவற்றிலும் பயன்பட்டது என்பதால் பெரிய நிறுவனங்கள் பலவும் இதைச் செய்கின்றன. அதில் சுமைக்குறி 77. அதாவது 412 கிலோ. மூன்றாவது கடினக் கலவை. விலையும் குறைவு.

"சார், இதை மாட்டுங்க. தேயவே தேயாது. இருபத்தஞ்சாயிரம் கண்ணை மூடிட்டு ஓட்டலாம்" என்று மூன்றாவதைத் தட்டிக் காட்டினார்.

"மழையில எப்படிங்க பிடிக்கும்?"

"மழையில மெதுவாப் போங்க மேடம்" என்று சிரித்தார். நேர்மையான பதில்தான். ஆனால் வால்பாறைக்குப் போகிறவர்களுக்குப் போதுமான பதிலல்ல.

பக்கச்சுவரில் இன்னொரு எண்ணும் இருக்கும். நான்கு இலக்கம். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. அந்த மூன்றாவது டயரில் 3121 என்று இருந்தது. 2021ஆம் ஆண்டின் முப்பத்தோராவது வாரம். நாங்கள் நின்றிருந்ததோ 2025 மே மாதத்தில். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கிடங்கில் கிடந்திருக்கிறது. ரப்பர் ஓடினால் மட்டும் முதுமை அடைவதில்லை. சும்மா கிடந்தாலும் இறுகும். பள்ளம் ஆழமாகவே இருக்கும், பிடிப்பு மட்டும் போயிருக்கும். தேயாத டயர் என்பது இப்படியும் ஒரு பொருள் தரும் என்று எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

முதலாவதும் நல்ல டயரே. ஒருவர் மட்டும் ஓட்டுகிற வண்டி என்றால் அதையே மீண்டும் போட்டிருப்போம். இருவரும் சுமையும் ஆண்டுக்கு ஏழாயிரம் கிலோமீட்டரும் என்கிற எங்கள் வாழ்க்கைக்கு, சுமைத்தாங்கலில் உபரி இருப்பதும், நடுவே கடினமும் ஓரத்தில் மென்மையும் கொண்டதுமான இரண்டாவதைத் தேர்ந்தோம். அதன் தேதி அவ்வாண்டுப் பிப்ரவரியைக் காட்டியது. அந்த மாதம் வாங்குவதாக இருந்த புத்தக அலமாரி தள்ளிப்போயிற்று. முன் டயரில் இன்னும் பாதிப் பள்ளம் இருந்தது. ஆயினும் முன்னும் பின்னும் ஒரே குடும்பத்து டயராக இருந்தால் வளைவில் இரண்டும் ஒரேவிதமாக நடந்துகொள்ளும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். ரிம்மில் ஏற்றும்போது வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லி, வீல் பேலன்சிங்கும் பார்த்து வந்தோம்.

புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரை திடீர்ப் பிரேக்கும் ஆழ்ந்த சாய்வும் கூடாது. அதன்பின் உழைப்பைத் தீர்மானிப்பது டயர் செய்தவரைவிட நாமே. காற்றழுத்தம் குறைந்தால் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து சூடேறும். அந்தச் சூடே டயரைத் தின்னும் கரையான். அளவு மிஞ்சினால் நடுப்பகுதி மட்டும் தேயும். வண்டியோடு தரும் கையேட்டில் ஒருவர் போவதற்கு ஓர் அளவும் இருவர் போவதற்கு ஓர் அளவும் குறித்திருக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டிப்போய்ப் பெட்ரோல் பங்கில் பார்த்தால் சூட்டினால் அழுத்தம் கூடிக் காட்டும். ஆகவே புறப்படும் முன் காலைக் குளிர்ச்சியில் வீட்டிலேயே அளக்கிறோம். அளவுமானியைப் பிடிப்பதும் எண்ணை நோட்டில் எழுதுவதும் மகளின் வேலை. அவளே கேட்டு வாங்கிக்கொண்டது.

ஜூலையில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். தென்மேற்குப் பருவமழை நிற்காமல் பெய்துகொண்டிருந்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாறையிலிருந்து வழிந்த நீர் சாலையைக் குறுக்காகக் கடந்தது. இருபது, இருபத்தைந்து வேகத்தில் ஒவ்வொரு வளைவாக ஏறினோம். வண்டி சாய்ந்து நிமிர்ந்தது, வழுக்கவில்லை. சொல்வதற்கு ஒன்றுமே நிகழவில்லை. டயர் தன் கடமையைச் செய்ததற்கு அதைவிட வேறு சான்று இல்லை. முப்பதாவது வளைவைத் தாண்டியபோது பின்னால் இருந்தவர், ஓட்டுபவரின் தோளை இறுகப் பற்றியிருந்த கையைத் தளர்த்திவிட்டு மேகத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

உப்பு வணிகர்கள் மேடும் பள்ளமுமான வழியில் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்பதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். உழைக்கும் என்று நம்பிய அச்சுக்கும் மாற்று ஒன்று வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். எங்கள் டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் காற்று ஒரேயடியாகப் போகாது. ஆனாலும் இருக்கைக்கு அடியில் பஞ்சர் குச்சிகளும் கைப்பம்பும் வைத்திருக்கிறோம். வால்பாறையில் இறங்கியதும் வீட்டுக்குத் தொலைபேசினோம். மகள் எடுத்தாள். சேர்ந்துவிட்டோமா என்று கேட்கவில்லை. "திரும்பி வரும்போது காலையில காத்து அளந்து எனக்குச் சொல்லணும், நோட்டில அந்த வரி காலியா இருக்கு" என்றாள்.