தடை போட்டும் நிற்காத பந்தயம், தடையே இல்லாமல் நின்ற பந்தயம்

திருக்கோகர்ணத்தில் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று "வண்டிப் பந்தயம்" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் காரை நினைக்க மாட்டார்கள். மாட்டுவண்டிதான். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கோயில் திருவிழா வந்தால் எல்கைப் பந்தயமும் கூடவே வரும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். காலையிலேயே ரோட்டின் இரண்டு பக்கமும் சனம் நின்றுவிடும். எந்த ஊர் மாடு எந்தத் திருவிழாவில் முதல் பரிசு வாங்கியது என்று பரீட்சைக்குப் படித்தவர்கள் போல ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பந்தயத்தை உச்ச நீதிமன்றமே ஒருமுறை நிறுத்தியது. 2014 மே 7 அன்று வந்த தீர்ப்பு ஜல்லிக்கட்டுக்கு மட்டுமல்ல, மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் சேர்த்துத்தான் தடை போட்டது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது, சட்டம் திருத்தப்பட்டது, மாடுகளும் வண்டிகளும் திரும்பி வந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதே தமிழ்நாட்டில் இன்னொரு வண்டித் திருவிழா இருந்தது. அதற்கு எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை. எந்த அரசும் சட்டம் கொண்டுவரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது, ஒருநாள் நின்றது. அதைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று யாரும் மெரினாவில் உட்காரவும் இல்லை.

அதன் பெயர் சோழவரம்.

விமானம் ஓடிய இடத்தில் கார்

சென்னையிலிருந்து செங்குன்றம் தாண்டி, ஆந்திரா போகும் ஜி.என்.டி. ரோட்டில் இருக்கிறது சோழவரம். இன்றைக்குச் சென்னைக்காரர்களுக்கு அது ஓர் ஏரியின் பெயர். ஒவ்வொரு மழைக்காலத்திலும் "பூண்டி இத்தனை அடி, புழல் இத்தனை அடி, சோழவரம் இத்தனை அடி" என்று செய்தியில் வரும், அவ்வளவுதான். ஆனால் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய சென்னைக்காரர் ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் தண்ணீர் நினைவுக்கு வராது. பெட்ரோல் வாசனை நினைவுக்கு வரும்!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன, ஓடுதளம் மிஞ்சியது. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அந்த கிளப்பின் கண்ணில் இந்த நீளமான, நேரான, சும்மா கிடந்த பாதை பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை பந்தயம் என்று ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் கார் வாங்க வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைப்பதும் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளிநாட்டுக் கார் என்றால் சினிமாவில் பார்த்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில், ஏழை பணக்காரர் என்று பார்க்காமல் ஆயிரக்கணக்கான பேர் பஸ் பிடித்தும் பைக்கிலும் சோழவரம் போனார்கள். ஒரு பக்கம் சொந்த ஷெட்டில் மெக்கானிக்குகள் இரவெல்லாம் கண்விழித்து மாற்றியமைத்த பியட்டுகளும் மோட்டார் சைக்கிள்களும். இன்னொரு பக்கம் விஜய் மல்லையா கொண்டுவந்த என்சைன். அது பார்முலா ஒன் பந்தயத்துக்காகவே செய்யப்பட்ட கார். கோவை எஸ். கரிவர்தன் போன்றவர்களின் பெயர் தெரிய வந்ததும் இங்கேதான். பின்னாளில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து, சாதாரணப் பையன்களும் ரேஸ் ஓட்டலாம் என்று காட்டியவர் அவர். 1995ல் சிறு விமான விபத்தில் இறந்தார். 2003ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

சரி, இவ்வளவு நன்றாக நடந்த விழா ஏன் நின்றது?

இரவல் நிலம்

காரணம் சிக்கலானதல்ல. நிலம் கிளப்புடையது அல்ல, பாதுகாப்புத் துறையுடையது. இரவல் வாங்கிய பந்தலில் எத்தனை நாள் கல்யாணம் நடத்த முடியும்? தவிர, விமானத்துக்காகப் போட்ட பாதை அது. பாதையை விட்டு விலகும் காரை நிறுத்த மணற்பரப்பு கிடையாது. மாடி வைத்த பார்வையாளர் அரங்கம் கிடையாது. கார்களின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடும்போது, பாதைக்கு அருகில் நிற்கும் கூட்டத்தின் ஆபத்தும் கூடத்தான் செய்யும்.

எனவே கிளப் செய்தது புத்திசாலித்தனமான காரியம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கி, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்தில், 12 வளைவுகளோடு முறையான பந்தயப் பாதை அமைத்தார்கள். 1990ல் அது திறக்கப்பட்டது. சோழவரத்தின் காலம் 1980களோடு முடிந்தது.

விளையாட்டைப் பொறுத்தவரை இது வெற்றிதான், சந்தேகமே இல்லை. 2005ல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும், 2010ல் இரண்டாவதாக வந்த கருண் சந்தோக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள். கருணின் தாத்தா இந்து சந்தோக் அந்த கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அஜித் குமார் ஸ்டீயரிங் பிடித்துப் பழகியதும் இந்தத் தலைமுறைப் பாதைகளில்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது தமிழ்நாடே கொண்டாடியது.

ஆனால் சோழவரத்தின் கூட்டம் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபோகவில்லை. பந்தயம் போனது, திருவிழா போகவில்லை.

பி.காம் படிக்கும் யாருக்கும் இந்த இடம் சட்டென்று புரியும். கணக்குப் பதிவியலில் "நற்பெயர்" என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் வியாபாரத்தை விற்கும்போது அதற்கும் விலை உண்டு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாற்பது வருடமாக இருக்கும் மிட்டாய்க் கடையை ஊருக்கு வெளியே பெரிய கட்டடத்துக்கு மாற்றினால் என்ன ஆகும்? தராசு வரும், அடுப்பு வரும், மாஸ்டரும் வருவார். பஸ் ஏறுவதற்கு முன் கால் கிலோ வாங்கிக்கொண்டு போனவர் மட்டும் வர மாட்டார். சோழவரத்துக்கு நேர்ந்தது அதுதான். பழைய இடத்தில் கிளப்பின் பெயரில் ஒரு சென்ட் நிலம் கூட இல்லை, ஆனால் நற்பெயர் மலைபோல் இருந்தது. புதிய இடத்தில் நிலம், பாதை, கட்டடம் எல்லாம் ஐந்தொகையில் ஏறின. நற்பெயரைத்தான் லாரியில் ஏற்ற முடியவில்லை.

வேறு காரணங்களும் உண்டு, மறைக்கக் கூடாது. 1991க்குப் பிறகு நாடு திறந்துகொண்டது. புதுப்புதுக் கார்கள் ரோட்டிலேயே ஓடின. கேபிள் டிவியில் பார்முலா ஒன் வீட்டுக்கே வந்தது. வேகமான காரைப் பார்க்க ஆண்டு முழுக்கக் காத்திருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஆனாலும் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1998ல் அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. சென்னையை "இந்தியாவின் டெட்ராய்ட்" என்றார்கள். கார் கிடைக்காத காலத்தில் கார் பார்க்கக் கூடிய ஊர், லட்சக்கணக்கில் கார் செய்யும் காலத்தில் கூடவில்லை!

சில்வர்ஸ்டோன், டக்கார், சோழவரம்

இது சென்னைக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. இரண்டு வெளிநாட்டு உதாரணங்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் சோழவரம் போலவே இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம்தான். போர் முடிந்தபின் 1948ல் அங்கே பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்தது. 1950ல் பார்முலா ஒன் உலகப் போட்டியின் முதல் பந்தயமே அங்கேதான். ஆரம்பம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அங்கே பந்தய ஓட்டுநர்களின் சங்கம் முதலில் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தது, பிறகு சொந்தமாகவே வாங்கிவிட்டது. ஊரும் பேரும் கூட்டமும் இன்றுவரை ஒரே இடத்தில் இருக்கின்றன.

அடுத்தது டக்கார். ரோடே இல்லாத இடத்தில் ஓட்டும் பந்தயங்களில் உலகத்திலேயே பெரியது. 1978 டிசம்பர் 26 அன்று பாரிசில் புறப்பட்டு, சகாரா மணலைக் கடந்து, செனகல் நாட்டின் டக்கார் நகரத்தில் முடிந்தது முதல் பந்தயம். பல ஆண்டுகள் டக்காருக்கு வெளியே இருக்கும் ரோஸ் ஏரிக்கரையில்தான் அது முடியும். தூசி படிந்த ஜீப்புகளும் பைக்குகளும் லாரிகளும் அந்தக் கரையில் வந்து நிற்பதைப் பார்க்க ஊரே திரளும். 2007 டிசம்பரில் மொரிட்டானியாவில் நான்கு பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். மிரட்டல்களும் வந்தன. 2008 பந்தயம் புறப்படுவதற்கு முதல் நாள் ரத்தானது. 2009 முதல் தென் அமெரிக்கா, 2020 முதல் சவுதி அரேபியா. டக்காருக்குப் போகாத டக்கார் பந்தயம்! வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. 2015ல் பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் முதல் இந்தியராகப் பங்கேற்றார். 2024ல் கேரளத்தின் ஹரித் நோவா ராலி 2 பிரிவில் முதலிடமே வாங்கினார். பேர் இருக்கிறது, ஊர்தான் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆப்பிரிக்காவை மறக்க முடியாத பழைய ஓட்டுநர்கள் சிலர் சேர்ந்து "ஆப்பிரிக்கா ஈகோ ரேஸ்" என்று ஒன்றை ஆரம்பித்து, பழையபடி ரோஸ் ஏரிக்கரைக்கே வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சின்னப் பந்தயம்தான். ஆனாலும் அந்தக் கரைக்கு மறுபடி வண்டி வந்தது.

சோழவரத்துக்கும் ஓர் ஏரிக்கரை இருக்கிறது. அங்கே யாரும் திரும்பி வரவில்லை.

ஏன் வரவில்லை? ஒரு காரணம் தோன்றுகிறது. சோழவரம் என்ற ஊருக்கும் சோழவரம் பந்தயத்துக்கும் இடையில் பெயரைத் தவிர வேறு பந்தம் இருந்ததா? நிலம் பாதுகாப்புத் துறையுடையது, நடத்தியது நகரத்து கிளப், பார்த்தது சென்னை. ஆண்டுக்கு ஒருமுறை ஊர்வழியாகப் போன கூட்டம், ஒரு வருடம் போகவில்லை. "எங்கள் பந்தயம்" என்று சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை. எல்கைப் பந்தயம் அப்படி அல்ல. மாடு ஒருவருடையது, வண்டி ஒருவருடையது, பரிசுப் பணம் ஊர்வரி, கொடி அசைப்பவர் ஊர்ப் பெரியவர், சாமி எல்லோருக்கும் பொது. மூன்று வருடம் நிறுத்தினாலும் திரும்பி வந்ததன் ரகசியம் அதுதான்.

வேகம் எங்கே போகும்?

"போகட்டும், ஒரு கார் ரேஸ் நின்றால் என்ன குடி முழுகிவிட்டது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் இருபது வயதில் வேகத்தின் மேல் இருக்கும் ஆசை எந்தத் தலைமுறையிலும் குறைந்ததில்லை. பார்க்கவும் ஓட்டவும் அதற்கு ஓர் இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் அது பைபாஸ் ரோட்டுக்கு வரும், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெல்மெட் இல்லாமல் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ரேஸ் என்ற செய்தி வராத வருடம் உண்டா? திருச்சி ரோட்டிலும் தஞ்சாவூர் ரோட்டிலும் போஸ்டரில் சிரிக்கும் பையன்களின் முகத்தைப் பாருங்கள். "கண்ணீர் அஞ்சலி" என்று மேலே எழுதியிருக்கும். பலருக்கு இருபது, இருபத்தொன்று வயதுதான். அந்த முகங்கள் எல்லாமே ரேஸ் ஓட்டியவர்களுடையவை அல்ல. ஆனால் சிலராவது அப்படிப் போனவர்கள்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார் பந்தயம் நடந்தது. மவுன்ட் ரோடு பக்கம் பஸ்ஸில் போகிற ஊரில், விளக்கு வெளிச்சத்தில் ரேஸ் கார்! செலவைப் பற்றி நிறையச் சண்டை நடந்தது, அது வேறு விவாதம். ஆனால் பந்தயம் ஊருக்குள் வந்தால் சனம் எட்டிப் பார்க்கும் என்பதை அந்த இரண்டு நாள் காட்டியது. சோழவரத்துக்குப் பஸ் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் இருந்திருக்கலாம்.

நல்ல பந்தயப் பாதை கட்ட என்ஜினியர் போதும். திருவிழாவுக்கு அது போதாது, அதைத் தன்னுடையது என்று சொல்ல ஓர் ஊர் வேண்டும். கல்லூரி கல்ச்சுரல்ஸ் நடத்துகிறவர்கள், ஊரில் கபடிப் போட்டி வைக்கிறவர்கள், புதிதாக ஏதோ ஒரு கூட்டம் ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதல் வருடமே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: நடத்துகிறவர்கள் நாளைக்குப் போய்விட்டால், இதை நடத்தியே தீரவேண்டும் என்று அடம்பிடிக்க இங்கே யார் இருக்கிறார்கள்?

சென்னையில் வயதான மாமாவோ பெரியப்பாவோ இருந்தால் அடுத்த முறை போகும்போது சோழவரம் ரேஸ் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் உட்காருங்கள். அவர் சீக்கிரம் முடிக்க மாட்டார்.