எந்த நாள் அலி?

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் செங்கல் துண்டால் கிழித்த ஒரு சதுரம் இருந்தது. மழை பெய்தால் அழிந்துபோகும், மறுநாளே மாமா திரும்பக் கிழித்துவிடுவார். 1988இல் எனக்குப் பதினோரு வயது. அந்தச் சதுரத்துக்குள் முகமது அலியும் மைக் டைசனும் மோதிக்கொண்டதற்குக் கணக்கே கிடையாது. மாமாதான் எப்போதும் அலி. நான் டைசன்.

டைசன் எனக்கு வந்து சேர்ந்தது ஒரு படத்தின் வழியாக. பழைய விளையாட்டுப் பத்திரிகையின் நடுப்பக்கம். கறுப்பு டிரவுசர், கறுப்பு ஷூ, காலில் சாக்ஸ் இல்லை, தலையளவுக்கே தடித்த கழுத்து. அந்த ஜூன் மாதக் கடைசியில்தான் அவர் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் சாய்த்திருந்தார். 91 வினாடி என்றால் எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ள, அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அம்மா அடுப்பில் வைத்த பால் சூடேறுவதற்குள் முடிந்துவிட்டது.

மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வந்த யாரோ ஒருவர் கொடுத்த வீடியோ கேசட் ஒன்று அவரிடம் இருந்தது. தீபாவளிக்கு டெக் வாடகைக்கு எடுத்தால், மற்றவர்கள் கேட்ட சினிமாவுக்கெல்லாம் முன்னால் அதுதான் ஓடும். 1966 நவம்பர் 14, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கம், அலிக்கு எதிரே கிளீவ்லாண்ட் வில்லியம்ஸ். “கைய பாக்காத மாப்ளே, கால பாரு” என்பார். அலியின் வெள்ளை ஷூக்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும். இரண்டாம் ரவுண்டில் மூன்று முறை விழுந்தார் வில்லியம்ஸ். மூன்றாம் ரவுண்டில் இன்னொரு முறை. அத்தோடு நடுவர் நிறுத்திவிட்டார். அலி அன்று வாங்கிய அடியை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எதிர்வீட்டு அண்ணன் என் கட்சி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார், நிறைய வாசிப்பவர். “அந்த வில்லியம்ஸ் ரெண்டு வருஷம் முன்னாடி போலீஸ்காரன் துப்பாக்கியில வயித்துல குண்டு வாங்கினவரு. ஒரு கிட்னி போயிடுச்சு. அவர அடிச்சத வெச்சு எப்பிடி மாமா அளக்கறது?” என்று கேட்டார். மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி, நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். “அடிடா டைசன்.” நான் சுற்றிச் சுற்றி வீசினேன். என் முஷ்டி அவர் சட்டையைக்கூடத் தொடவில்லை. அலியின் உயரம் ஆறடி மூன்று அங்குலம், டைசன் ஐந்தடி பத்து. இரு கையும் விரித்தால் அலிக்கு 78 அங்குலம், டைசனுக்கு 71. புத்தகத்தில் படித்தால் வெறும் எண். என் நெற்றிக்கோ அது மாமாவின் உள்ளங்கை.

அண்ணன் விடவில்லை. குட்டையானவர்களின் இடது ஹுக்தான் அலிக்கு ஆகாதது என்றார். ஜோ ஃப்ரேஷியர் ஆறடி இல்லாதவர், 1971இல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பதினைந்தாம் ரவுண்டில் அலியை மல்லாத்தியது அந்த ஹுக்தான். டைசன் அதைவிட வேகமாக அடிப்பவர். மாமா தயாராக வைத்திருந்த சீட்டை அப்போதுதான் இறக்கினார். டைசனை வளர்த்த வாத்தியார் கஸ் டமாட்டோ. இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டிவைத்து, தலையை ஆட்டி ஆட்டி உள்ளே புகும் அந்தப் பாணியை அதே வாத்தியார் டைசனுக்கு முப்பது வருஷம் முன்பே ஃபிளாய்ட் பாட்டர்சனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தப் பாட்டர்சனை 1965இல் அலி பன்னிரண்டு ரவுண்டு வரை இழுத்து இழுத்து அடித்திருக்கிறார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலம் கடந்த இருவரை மோதவிடும் ஆசை எங்கள் மாடிக்கு மட்டும் வந்ததல்ல என்று மாமாவே ஒருநாள் சொன்னார். 1969இல், போருக்குப் போக மறுத்த அலியைக் குத்துச்சண்டையைவிட்டு விலக்கிவைத்திருந்த நேரம், 49 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல் ஓய்வுபெற்றிருந்த ராக்கி மார்சியானோவையும் அவரையும் மியாமியில் ஒரு ஸ்டுடியோவில் வைத்துப் படம்பிடித்தார்கள். மார்சியானோவுக்கு 45 வயது, தலையில் டோப்பா வைத்திருந்தார், இந்தப் படத்துக்காகவே உடம்பைக் குறைத்திருந்தார். பலவிதமான முடிவுகளை எடுத்துவைத்துக்கொண்டார்கள். எது வரப்போகிறது என்று நடித்த இருவருக்குமே தெரியாது. கணிப்பொறி சொன்னபடி, பதின்மூன்றாம் ரவுண்டில் அலி விழுந்தார். 1970 ஜனவரியில் அது தியேட்டர்களுக்கு வந்தபோது ஜெயித்தவர் உயிரோடு இல்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் விமான விபத்தில் போய்விட்டார். மார்சியானோ கடைசியாகப் போட்ட சண்டை அந்தப் பொய்ச்சண்டைதான் என்பது இப்போது நினைத்தாலும் என்னை என்னவோ செய்கிறது.

இத்தனையையும் தாத்தா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். சார்பட்டா பரம்பரைச் சண்டைகளை டிக்கெட் வாங்கிப் பார்த்த மனிதர். ஒருநாள் கேட்டார்: “எத்தினி ரவுண்டு?”

யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. அலியின் காலத்தில் பட்டத்துக்கான சண்டை பதினைந்து ரவுண்டு. 1982இல் டுக் கூ கிம் என்ற கொரியக் குத்துச்சண்டைக்காரர் அடிபட்டு இறந்த பிறகு அதைப் பன்னிரண்டாகக் குறைக்கத் தொடங்கினார்கள். டைசன் அந்தப் புதிய கணக்கில் வளர்ந்தவர், முதல் சில ரவுண்டுகளிலேயே வேலையை முடித்துக்கொண்டு போகிறவர். பதின்மூன்றாவதில் அவர் எப்படி நிற்பார் என்பதை உலகம் பார்த்ததே இல்லை. “அப்ப முதல்ல அத்த பேசி முடிங்க. அப்பால, எந்த நாள் அலின்னும் சொல்லணும்” என்றார் தாத்தா.

மாமாவின் முகம் மாறியது. வெகுநேரம் கழித்து, என்னிடம் மட்டும் சொன்னார். 1980இல் அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை. எதிரே, அவரோடு ஒரே லூயிவில் ஊரில் வளர்ந்த ஜிம்மி எல்லிஸ். கூட்டத்தில் மாமாவும் இருந்தார். “எவ்ளோ தூரமா இருந்தாலும் தெரிஞ்சிருச்சு மாப்ளே. கால் நின்னுடுச்சு.” அலிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அதே வருஷம் அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்து ரவுண்டு அடித்து உட்காரவைத்தார். அந்த ஒரே கேசட்டை மாமா ஏன் தேயத் தேயப் போட்டுப் பார்த்தார் என்பது எனக்கு அன்று புரிந்தது.

1990 பிப்ரவரி 12, திங்கட்கிழமைப் பேப்பர். டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பத்தாவது ரவுண்டில் டைசனை வீழ்த்தியிருந்தார். தரையில் விழுந்த கம் ஷீல்டைக் கையால் துழாவி எடுத்து, அதைக் கோணலாக வாயில் கவ்விக்கொண்டு எழப் பார்த்தாராம். எதிர்வீட்டு அண்ணன் படித்துச் சொல்லச் சொல்ல நான் மாடிக்கு ஓடிவிட்டேன்.

மாமா பின்னாலேயே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து சதுரத்தைத் திரும்பக் கிழித்தார்.

“எந்த நாள் டைசன்?”

“88, ஜூன் 27.”

“நான் 66, நவம்பர் 14.”

தாத்தா சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தார். பதினைந்து ரவுண்டு என்று அறிவித்தார். எனக்கு அப்போது பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது, இரண்டு வருஷத்தில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தேன். எட்டாவது ரவுண்டில் மாமா என் நெற்றியில் கையை வைத்தார். நான் குனிந்து உள்ளே புகுந்து வீசினேன். முஷ்டி அவர் நெஞ்சில் பட்டது. முதல் முறை. நிமிர்ந்து பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கால் நின்றிருந்தது.

மூன்று நிமிஷம் ஆகவில்லை. தாத்தா தட்டை அடித்தார்.