மிதக்கும் தீவுகள், நிற்காத சாக்கடை

ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் ஹெப்பகோடி. தொழிற்சாலைகளும் வாடகைக் குடியிருப்புகளும் நெருக்கியடிக்கும் இந்த ஊரின் ஏரி, கழிவுநீர் சேர்ந்து நாறிக் கிடந்தது. 2010-களின் பிற்பகுதியில் பயோகான் அறக்கட்டளை அதைச் சீரமைக்க முன்வந்தது. நீரில் காற்றைச் செலுத்தும் கருவிகள் வந்தன. செடிகள் நட்ட மிதவைத் தீவுகள் இறங்கின. நீருக்குள் தொங்கும் வேர்கள், ஆகாயத்தாமரையைக் கொழுக்கவைக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சுகின்றன.

அப்படியானால் ஏரிகளைக் காப்பாற்றிவிடலாமா? முடியும், ஆனால் இரண்டு நிபந்தனைகள். செடிகளை அவ்வப்போது வெட்டி அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவை அழுகி, உறிஞ்சியதை நீருக்கே திருப்பித் தரும். சாக்கடையைக் கரையிலேயே தடுக்க வேண்டும். முதல் வேலைக்குப் பணம் போதும். இரண்டாவதற்கு அரசு வேண்டும்.

தடுக்காததன் விலையை வடக்கே உள்ள பெல்லந்தூர் காட்டியது. அந்த ஏரி 2015-லும் 2017-லும் தீப்பற்றியது. 2018-ல் தீயணைக்க ராணுவமே வந்தது. அதன் கழிவு வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. தமிழக எல்லைக்குள் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது.

2025 ஆகஸ்டில் ஹெப்பகோடிக்கு மெட்ரோ ரயில் வந்தது. இனி வீடுகள் பெருகும். அவற்றின் கழிவுக் குழாய்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுமா, ஏரிக்கா? தீவுகளின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.