கண்ணாடிக் கதவுக்கு உள்ளே

வெளிநாட்டுப் பயணம் என்றதும் வானில் எத்தனை மணி நேரம் என்றுதான் நாம் விசாரிக்கிறோம். தரையில் காத்திருக்கும் நேரத்தை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஐரோப்பாவுக்குச் செல்வோரில் பலர் நடுவழியில் வளைகுடா நாடொன்றில் இறங்கி விமானம் மாறுகின்றனர். அந்த இடைவெளி சில வேளை இரண்டு மணி நேரம். சில வேளை ஒன்பது மணி நேரம். அந்நேரத்தைக் கழிப்பதற்கென்றே விமான நிலையங்களில் லவுஞ்ச் எனப்படும் ஓய்வுக்கூடங்கள் உள்ளன. அவற்றின் கண்ணாடிக் கதவைக் கண்டதுமே ஒதுங்கிச் செல்வோர் நம்மில் மிகுதி. ஒதுங்காமல் நுழைந்து, தலைகுனிந்து திரும்பியவனும் ஒருவன் உண்டு, வாசகர்களே! அவன் நானேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் உம்மாவை, இலண்டனில் வாழும் தங்கையின் வீட்டிற்கு அழைத்துச் சென்றேன். வளைகுடா விமான நிலையம் ஒன்றில் ஏழு மணி நேர இடைவெளி. நள்ளிரவு. உம்மாவுக்கு வயது 72. உட்கார்ந்தே வந்ததில் கால்கள் வீங்கியிருந்தன. "கவலைப்படாதீங்க உம்மா, என் வங்கி அட்டைக்கு லவுஞ்ச் இலவசம்" என்று பெருமையோடு அழைத்துச் சென்றேன். வரவேற்பு மேசையிலிருந்த பெண் அட்டையைத் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார், பின்னர் பணிவாகத் திருப்பித் தந்தார். அச்சலுகை இந்தியாவின் உள்நாட்டு முனையங்களுக்கு மட்டுமே உரியதாம்! பணம் கட்டி நுழையலாம் என்றார். இருவருக்கும் சேர்த்து நம் கணக்கில் பத்தாயிரம் ரூபாயைத் தொட்டது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"வேணாம் வாப்பா, வா போகலாம். ஒரு நாற்காலிக்கு இவ்வளவு காசா?" என்று உம்மா என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். என் முகத்தைக் காப்பாற்றவே அவர் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

1939-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் திறந்த 'அட்மிரல்ஸ் கிளப்' என்பதே முதல் ஓய்வுக்கூடமாகச் சொல்லப்படுகிறது. நிறுவனம் அழைத்த பிரமுகர்களுக்கே அன்று கதவு திறந்தது. இன்று வழிகள் பல. பிசினஸ் வகுப்புச் சீட்டு வைத்திருப்போர் பெரும்பாலும் நேரே செல்லலாம். ஒரே நிறுவனத்தில் அடிக்கடி பறந்து உயர்நிலை உறுப்பினரானவர்களுக்கும் இடமுண்டு. 1992-இல் தொடங்கிய பிரயாரிட்டி பாஸ் போன்ற உறுப்பினர் அட்டைகள் உள்ளன. எதுவும் இல்லாதவர் பல கூடங்களில் பணம் கட்டலாம். முன்பதிவு செய்தால் சிலவற்றில் சற்றுக் குறையும்.

சிக்கல் வங்கி அட்டையில்தான்! உள்நாட்டு முனையத்துக்குரிய சலுகை வேறு, வெளிநாட்டுக்குரியது வேறு. பின்னதற்குச் சில வங்கிகள் தனி அட்டை தருகின்றன. நாமாகக் கேட்டால்தான் வரும். அட்டைக்காரருக்கு இலவசம் என்றால் உடன் வரும் மனைவிக்கும் தாயாருக்கும் இலவசம் என்று பொருளன்று. அவர்களுக்கான தொகை அடுத்த மாதப் பில்லில் வந்து நிற்கும். முந்தைய மூன்று மாதங்களில் குறிப்பிட்ட தொகையைச் செலவிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பல வங்கிகள் அண்மை ஆண்டுகளில் சேர்த்துவிட்டன. எல்லாம் சரியாக இருந்தும், கூட்ட நேரத்தில் "இடமில்லை" என்று சொல்லிவிடுவதும் உண்டு.

உள்ளே என்ன இருக்கும்? மெத்தை நாற்காலிகள், கைப்பேசிக்கு மின்னூட்ட வசதி, இணையம், நாமே எடுத்துண்ணும் உணவு. குளியலறை சிலவற்றில் மட்டுமே. படுக்கையை எதிர்பார்க்க வேண்டாம். ஓரிடத்தில் சுடச்சுடச் சோறும் குழம்பும் கிடைக்கும். வேறிடத்தில் சூப்பும் காய்ந்த ரொட்டியும்தான். பல நாடுகளில் மதுவும் அதே கூடத்தில் பரிமாறப்படும். இறைச்சி ஹலாலா என்று எழுதி வைக்கப்படவில்லையெனில் பணியாளரைக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். பல கூடங்களில் மூன்று மணி நேரமே தங்கலாம். ஆகவே ஏழு மணி நேர இடைவெளியில் இறங்கியவுடன் நுழைவதா, கடைசியில் நுழைவதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். மற்றொன்று: பலவற்றில் விமான அறிவிப்பு ஒலிக்காது. தோஹா, துபாய் போன்ற நிலையங்களில் வாயிலை அடைய உள்ளேயே ரயிலில் செல்ல வேண்டியும் இருக்கும். சாய்வு நாற்காலியில் அயர்ந்து உறங்கி விமானத்தைத் தவறவிட்டால், தின்ற சோறு மிக விலை உயர்ந்ததாகிவிடும்!

காசு கேட்காத இடங்களும் உண்டு என்பதைத்தான் நம்மவர் அறிவதில்லை. 2014-இல் திறக்கப்பட்ட தோஹாவின் ஹமத் விமான நிலையத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே இலவச அமைதி அறைகள் இருக்கின்றன. சிங்கப்பூரின் சாங்கியில் இலவசமாகச் சாய்ந்து உறங்கலாம். மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டமே இருக்கிறது. ஜித்தாவின் ஹஜ் முனையத்தைக் கண்டவர்கள் அதன் கூடாரக் கூரைகளை மறந்திருக்க மாட்டார்கள். 1981-இல் திறக்கப்பட்ட அதில் 210 கூடாரங்கள். அதன் நிழலும் காற்றோட்டமும் எளிய ஹாஜிகள் அனைவருக்கும் பொது. அதை வடிவமைத்தோரில் முதன்மையான பொறியாளர் பஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர்.

அன்றிரவு இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. இரும்பு நாற்காலியில் உம்மாவின் காலை என் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். தரை துடைத்துக்கொண்டு வந்த இலங்கைப் பெண் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார். "உம்மாவ ஏன் இங்க வச்சிருக்கீங்க? பொம்பிளைகளுக்குத் தனியா ரூம் ஒண்டு இருக்கு. காசு இல்ல" என்றவர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றார். நான் வாசலில் அமர்ந்திருந்தேன். நான்கு மணி நேரம் கழித்து, நன்றாக உறங்கி எழுந்த முகத்தோடு உம்மா வெளியே வந்தார். தங்கைக்காக எடுத்து வந்த கீழக்கரைத் தொதலில் பாதி குறைந்திருந்தது.

திரும்பும் பயணத்தில் நான் விவரமாகவே இருந்தேன். உரிய அட்டை, விருந்தினர் கட்டணம் எல்லாம் சரி. லவுஞ்சுக்குள் கௌரவமாகவே நுழைந்தோம். உம்மா ஒரு முட்டையும் அரைக் கோப்பைத் தேநீரும் எடுத்துக்கொண்டார். பின்னர், "அந்தப் பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போவோம் வாப்பா" என்று எழுந்துவிட்டார். இலண்டனில் அவளுக்கென்று ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பெண் அன்று பணியில் இல்லை. அவருடன் தங்கியிருக்கும் வேறொருவரிடம் அதைக் கொடுத்துவிட்டு வந்தோம்.